பென்சிலின் 'ஆகாது' என்று எழுதியது யார்?

அவர் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. வயது நாற்பத்தைந்து. காலில் பட்ட காயம் சீழ் வைத்து, முழங்கால் வரை வீங்கி, குளிர்காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கேஸ் ஷீட்டை நிரப்பிய இளம் டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மருந்து ஏதாவது ஒத்துக்காதாங்க?"

"பென்சிலின் ஆகாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க டாக்டர்."

அவ்வளவுதான். கேஸ் ஷீட்டின் தலைப்பில் சிவப்பு மையால் இரண்டு வார்த்தைகள் ஏறின: 'பென்சிலின் அலர்ஜி'. அடுத்த நோயாளி வந்தார். பின்னால் எழுபது பேர் நின்றார்கள்.

என்ன நடந்தது, எந்த வயதில் நடந்தது, எந்த மருந்தால் நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்: ஐந்து வயதில் காய்ச்சல், கம்பவுண்டர் ஏதோ மருந்து கொடுத்தார், இரண்டு நாள் கழித்து உடம்பெல்லாம் சிவப்புப் பொரி, மூன்று நாளில் தானாக அடங்கியது. காய்ச்சலே அந்தப் பொரியைக் கிளப்பியிருக்கலாம். குழந்தைகளுக்கு வரும் பல வைரஸ் காய்ச்சல்களில் இது சகஜம். ஆனால் தாய் பயந்தாள்; பயம் சொல்லாயிற்று; நாற்பது வருஷம் கழித்து அந்தச் சொல் சிவப்பு மையாயிற்று.

ஆஸ்பத்திரி ஸ்டோரில் பென்சிலின் இனத்து மருந்து இருந்தது. அந்தச் சீழுக்கு ஏற்ற, விலை மலிவான மருந்து அது. அதைத் தொடவில்லை. வேறு மருந்து கொடுத்தார்கள், வயிற்றுப்போக்கு கண்டது. அதையும் மாற்றினார்கள். மூன்றாவது மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. ஒரு வாரத்தில் வீடு திரும்பியிருக்க வேண்டியவர் மூன்று வாரம் படுத்தார். சம்பளம் போயிற்று.

அந்தத் தொழிலாளியின் பெயரையோ ஆஸ்பத்திரியின் பெயரையோ நாம் எழுதவில்லை. எழுத அவசியமும் இல்லை. ஒரு டாக்டரைச் சந்தியில் நிறுத்துவது நமது நோக்கமல்ல. எந்த ஊர் வார்டில் வேண்டுமானாலும் இது நடக்கும் என்பதுதான் நாம் சொல்ல வந்த விஷயம்.

ஒரு வார்த்தையின் விலை

"அலர்ஜி என்று எழுதி வைத்தால் என்ன நஷ்டம்? ஜாக்கிரதைக்குத்தானே எழுதுகிறோம்?" என்று சில பெரிய டாக்டர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். பதில் சொல்வோம்.

அமெரிக்காவில் நோயாளிகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் 'பென்சிலின் அலர்ஜி' என்ற முத்திரையோடு திரிகிறார்கள். அவர்களை முறைப்படி பரிசோதித்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் எந்த அலர்ஜியும் இல்லை. முத்திரை பொய்! உண்மையாகவே அலர்ஜி இருந்தவர்களுக்கும் அது ஆயுள் தண்டனை அல்ல. உடனடியாக வரும் வகை அலர்ஜி உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்குப் பத்து வருஷத்தில் அது மறைந்துவிடுகிறது.

இந்தப் பொய் முத்திரை சும்மா இருப்பதில்லை. பிரிட்டன் நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2018ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முத்திரை விழுந்த சுமார் 64 ஆயிரம் பேரை, விழாத மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். சாதாரண மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி தொற்றும் அபாயம், முத்திரை விழுந்தவர்களுக்கு நூற்றுக்கு 69 பங்கு அதிகம். ஆன்டிபயாடிக் மருந்துகள் குடலைக் கெடுப்பதால் வரும் கடும் வயிற்றுப்போக்கு நோய் நூற்றுக்கு 26 பங்கு அதிகம். காரணம் வெட்டவெளிச்சம். குறி பார்த்து அடிக்கும் மருந்தை ஒதுக்கிவிட்டு, கண்டதையெல்லாம் கொல்லும் மருந்தைக் கொடுக்கிறார்கள். நல்ல கிருமி சாகிறது. கெட்ட கிருமி பலம் பெறுகிறது.

ஆகவே 'ஜாக்கிரதைக்கு' எழுதிய வார்த்தை ஜாக்கிரதை அல்ல. அந்த ஜாக்கிரதைக்கு நோயாளிதான் விலை கொடுக்கிறான். அவன் மட்டுமல்ல, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனும் கொடுக்கிறான். மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019ல் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்று 2022ல் வெளிவந்த கணக்கு கூறுகிறது. இந்தச் சாவுக்குப் பல வழிகள் உண்டு. வார்டில் எழுதப்படும் அந்தப் பொய் வார்த்தையும் ஒரு வழி.

எது அலர்ஜி? எது அலர்ஜி அல்ல?

இது டாக்டர்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய இரகசியம் அல்ல. தறியில் எந்த இழை அறுந்தது என்று பார்க்கத் தெரிந்த நமக்கு இதுவும் புரியும்.

மாத்திரை விழுங்கினால் வயிற்றைப் புரட்டுகிறதா? இரண்டு தடவை வெளியே போகிறதா? தலை சுற்றுகிறதா? இவை பக்க விளைவுகள். அலர்ஜி அல்ல.

மருந்து போன சில நிமிஷங்களில், அல்லது ஒரு மணி நேரத்துக்குள், உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக எழும்பி அரிக்கிறதா? உதடும் நாக்கும் வீங்குகிறதா? இளைப்பு வருகிறதா? மயக்கம் வந்து நாடி விழுகிறதா? இதுதான் உடனடி அலர்ஜி. நிமிஷக் கணக்கில் உயிரைக் கொண்டுபோகும்.

சில நாள் கழித்துத் தோல் கொப்பளித்து உரிகிறதா? வாயிலும் கண்ணிலும் புண் வருகிறதா? இது மிகக் கொடிய வகை. சல்ஃபா மருந்துகளாலும் வேறு பல மருந்துகளாலும் வரும். இதைக் கண்டவருக்கு அந்த மருந்தை ஆயுள் முழுவதும் திரும்பக் கொடுக்கக் கூடாது. பரிசோதனைக்காகக்கூடக் கொடுக்கக் கூடாது.

சில நாள் கழித்து வெறும் பொரி மட்டும் வந்து தானாக அடங்கினால்? பெரும்பாலும் அபாயமற்றது. நமது பஞ்சாலைத் தொழிலாளிக்கு வந்தது இதுதான்.

நான்கும் நான்கு விதம். நான்கையும் ஒரே சிவப்பு மையால் 'அலர்ஜி' என்று எழுதுவது என்ன வைத்தியம்? வாந்தி எடுத்தவனுக்கும் அதே வார்த்தை. சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவனுக்கும் அதே வார்த்தை! விளைவு என்ன? முதலாமவனுக்கு நல்ல மருந்து மறுக்கப்படுகிறது. இரண்டாமவன் விஷயத்தில், "எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்" என்று அசட்டையாக அதே மருந்து ஏற்றப்படுகிறது. பொய் முத்திரை மலிந்தால் உண்மை முத்திரைக்கு மதிப்புப் போய்விடும். புலி வருகிறது கதைதான்.

இதைப் பிரித்துப் பார்க்க லட்ச ரூபாய் யந்திரம் வேண்டுமா? வேண்டாம். ஆஸ்திரேலிய டாக்டர்கள் 2020ல் மூன்று கேள்விகளைக் கொண்ட ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கடந்த ஐந்து வருஷத்துக்குள் நடந்ததா? உடனடிக் கடும் அலர்ஜியோ, முகவீக்கமோ, கொடிய தோல் நோயோ வந்ததா? அதற்காகச் சிகிச்சை தேவைப்பட்டதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், உண்மையான அலர்ஜி இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 2023ல் இன்னொரு சோதனையும் வெளியாயிற்று. அபாயம் குறைந்தவர்கள் என்று இந்தக் கணக்கு காட்டிய 377 பேரின் முடிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தோல் சோதனை செய்த பிறகு மருந்து. மற்றொரு பிரிவினருக்கு டாக்டரின் கண்காணிப்பில் நேரடியாக மாத்திரை. இரு பிரிவிலும் தலா ஒருவருக்குத்தான் உடனடி அலர்ஜி தெரிந்தது.

நமது கண்டனம் இங்கேதான் பிறக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஆகும் நேரம் ஐந்து நிமிஷம். தேவையான யந்திரம், ஒரு வாயும் இரண்டு காதுகளும். இதை ஏன் நமது ஆஸ்பத்திரிகளில் சொல்லிக் கொடுக்கவில்லை?

ஊசி முனையில் ஒரு சடங்கு

சொல்லிக் கொடுத்திருப்பது வேறொன்று. 'டெஸ்ட் டோஸ்' என்று அதற்குப் பெயர். நம்மில் இதைக் காணாதவர் யார்? ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன் அதே மருந்தில் ஒரு சொட்டை முன்கைத் தோலில் குத்துவார்கள். பேனாவால் வட்டம் போடுவார்கள். சற்று நேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் ஆகலை" என்பார். முழு ஊசியும் ஏறும்.

முறையான தோல் சோதனை என்று ஒன்று உண்டு. அதற்குத் தனி மருந்துப் பொருள் வேண்டும். எவ்வளவு கரைப்பது என்று அளவு வேண்டும். படிக்கத் தெரிந்த கண் வேண்டும். யாருக்குச் செய்வது என்ற தேர்வு வேண்டும். வார்டில் நடப்பது அதுவல்ல. ஊசி மருந்தையே கரைத்தும் கரைக்காமலும் குத்துகிறார்கள். மருந்தின் காரத்தால் தோல் சிவந்தால் 'அலர்ஜி' என்கிறார்கள். ஒரு பொய் முத்திரை பிறந்துவிட்டது. சிவக்காவிட்டால் 'பயமில்லை' என்கிறார்கள். அதுவும் பொய் தைரியம். சிவக்காதவருக்கும் முழு ஊசியில் அலர்ஜி வரலாம்.

முன்பு எந்த அலர்ஜியும் இல்லாதவருக்கு இந்தக் குத்து எதையும் நிரூபிப்பதில்லை. பின் ஏன் செய்கிறார்கள்? ஏதாவது நேர்ந்தால் "டெஸ்ட் டோஸ் போட்டோமே" என்று கேஸ் ஷீட்டைக் காட்ட! நோயாளியைக் காப்பாற்றுவதற்கு அல்ல, நிர்வாகத்தைக் காப்பாற்றுவதற்கு நடக்கும் சடங்கு இது.

பழைய பாடமும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பென்சிலின் ஆகாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு செஃபலோஸ்போரின் மருந்தும் ஆகாது" என்று பல வருஷங்களுக்கு முன் எழுதி வைத்தார்கள். இன்று அது நூற்றுக்கு இரண்டு அளவுதான் என்று தெரிந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் செஃபசோலின் மருந்தின் அமைப்பே வேறு. பென்சிலின் அலர்ஜிக்காரர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது ஆகும். ஆனால் பழைய பாடத்தைப் படித்தவர்கள் அந்த மருந்தையும் ஒதுக்குகிறார்கள். முத்திரை விழுந்தவர்களின் ஆபரேஷன் புண் சீழ் பிடிப்பது அதிகம் என்று ஆய்வுகள் காட்டிய பிறகும் ஒதுக்குகிறார்கள்.

அரை மில்லி மருந்து

உண்மையான அலர்ஜி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நோயாளி திணறுகிறார், நாடி விழுகிறது. என்ன செய்ய வேண்டும்?

அட்ரினலின்! பெரியவர்களுக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்புறச் சதையில், உடனே. படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். திடீரென்று எழுப்பி நிறுத்தக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே ஊசி. இதில் உலக வைத்திய சாஸ்திரத்தில் கருத்து வேறுபாடு இல்லை. மருந்தோ மிக மலிவு.

நடைமுறை என்ன? முதலில் அவில் ஊசி. பிறகு ஸ்டீராய்டு ஊசி. பிறகு "பெரிய டாக்டரைக் கூப்பிடு" என்ற ஓட்டம். அதற்கும் பிறகு அட்ரினலின் இருக்கும் பீரோவின் சாவி யாரிடம் என்ற தேடல்! அவில் அரிப்பை அடக்கும். விழுந்த நாடியைத் தூக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும். சாவு அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை.

டெஸ்ட் டோஸ் சடங்கு எந்த வார்டிலும் தவறுவதில்லை. ஊசி போடும் மேஜைமேல் அட்ரினலின் இருக்கிறதா என்று பார்த்தால் பல இடங்களில் தவறுகிறது. உயிரைக் காக்கும் வேலையை விட்டுவிட்டு, கேஸ் ஷீட்டைக் காக்கும் வேலையைச் செய்கிறார்கள் என்று நாம் சொன்னதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

குடிசைக் குழந்தையின் இருதயம்

இந்த அறியாமையின் முழுப் பாரமும் யார் தலையில் விழுகிறது? சேரியிலும் லயன் வீட்டிலும் ஒரே அறையில் ஏழு பேர் முடங்கும் குடும்பங்களின் தலையில்.

நெருக்கடியான வீட்டில் குழந்தைக்குத் தொண்டை வலி வருகிறது. கவனிப்பார் இல்லை. சில வாரங்களில் முழங்காலும் கணுக்காலும் வீங்குகின்றன. அது ரூமாட்டிக் காய்ச்சல். மூட்டில் தொடங்கி இருதயத்தின் வால்வைக் கெடுக்கும் வியாதி. பணக்கார நாடுகளில் அநேகமாக மறைந்துவிட்டது. வறுமை உள்ள இடத்தில் நிற்கிறது. திரும்பத் திரும்ப வராமல் தடுத்தால் இருதயம் பிழைக்கும். தடுக்கும் மருந்து பென்சாதீன் பென்சிலின். மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு ஊசி, பல வருஷங்களுக்கு.

ஆனால் "எதாவது ஆகிவிட்டால்?" என்ற பயத்தில் அந்த ஊசியைப் போடத் தயங்குகிற டாக்டர்கள் உண்டு. களை வெட்டும் தாய், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிக் குழந்தையைக் கொண்டுவருகிறாள். "இங்கே போட மாட்டோம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்கிறார்கள். இரண்டு தடவை போவாள். மூன்றாம் தடவை போக மாட்டாள். எப்படிப் போவாள்?

இந்தப் பயத்துக்கு எவ்வளவு ஆதாரம்? 1991ல் பல நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. 1,790 நோயாளிகள், 32,430 ஊசிகள். அலர்ஜி வந்தவர்கள் 57 பேர். உயிருக்கு ஆபத்தான அலர்ஜி நான்கு பேருக்கு. இறந்தவர் ஒருவர். அந்த ஓர் உயிரை நாம் அற்பமாக எண்ணவில்லை. அதைக் காக்கத்தான் ஊசி போடும் இடத்தில் அட்ரினலின் வேண்டும் என்கிறோம். ஆனால் 32 ஆயிரம் ஊசிகளில் ஒன்றைக் காட்டி மற்றவர்களின் இருதயத்தைக் கிருமிக்குத் தின்னக் கொடுப்பது வைத்தியமா?

இன்னொரு உண்மையையும் அமெரிக்க இருதயச் சங்கம் 2022ல் எடுத்துச் சொல்லியது. வால்வு மிகவும் கெட்டுப்போனவர்களில் ஊசிக்குப் பின் நேர்ந்த சாவுகள் பல, அலர்ஜியால் நேர்ந்தவையாகத் தோன்றவில்லை; பலவீனமான இருதயம் தாங்காமல் நேர்ந்தவையாகத் தோன்றுகின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரை கொடுக்கலாம். மற்றவர்களுக்கு ஊசி நிற்கக் கூடாது. இதையெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடமும் நர்ஸிடமும் உட்கார்ந்து விளக்கியவர் யார்?

இந்த நாட்டில் பென்சிலின் யாருடைய காசில் வந்தது என்பதையும் நினைவூட்டுகிறோம். 1954ல் புனேக்கு அருகே பிம்ப்ரியில் பொதுத்துறையில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை அமைந்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃபும் உதவின. ஏழைக்கும் இந்த மருந்து கிடைக்க வேண்டும் என்றுதான் ஜனங்களின் பணத்தில் அதைக் கட்டினார்கள். ஏழைக்காக வந்த மருந்தை ஏழைக்கே 'ஆகாது' என்று எழுதுவதுதான் இன்றைய விந்தை.

பாடம் நடத்துவது யார்?

"டாக்டர்களுக்குப் பயிற்சி நடக்கிறதே!" என்பார்கள். நடக்கிறது. ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று 2002ம் வருஷத்து மருத்துவ ஒழுக்க விதிகளே சொல்கின்றன. எங்கே நடக்கிறது? எத்தனையோ கூட்டங்கள் ஹோட்டல் மண்டபத்தில் நடக்கின்றன. செலவு யாருடையது? மருந்துக் கம்பெனியுடையது. வாசலில் யாருடைய பேனர்? அதே கம்பெனியுடையது. புது ஆன்டிபயாடிக் விற்கிறவன் செலவில் நடக்கும் கூட்டத்தில், "பழைய மலிவான பென்சிலினே போதும், முத்திரையை அழியுங்கள்" என்று பாடம் நடக்குமா? பூனைக்குப் பாலைக் காவல் வைத்த கதைதான்.

2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியது. டாக்டர்களுக்குக் கொடுக்கும் இலவசங்களை வியாபாரச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளக் கூடாது என்றது. மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் அகில இந்திய சம்மேளனம், இந்த முறைகேட்டைத் தடுக்கச் சட்டபலம் உள்ள விதி வேண்டும் என்று அதே கோர்ட்டின் கதவைத் தட்டியது. பை தூக்கி வாசல் வாசலாக ஏறி இறங்கும் தொழிலாளிகளே சொல்கிறார்கள்: இது தவறு என்று!

2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் ஒரு நடத்தை விதித் தொகுப்பை வெளியிட்டது. பரிசு கூடாது, வெளிநாட்டில் கூட்டம் கூடாது என்றது. ஆனால் புகாரை முதலில் விசாரிப்பது யார்? கம்பெனிகளின் சங்கங்களே அமைக்கும் கமிட்டி. வேலிக்கு ஓணான் சாட்சி!

மருந்துச் சீட்டின் கதியும் இதுதான். ஒரே அமாக்சிசிலின் எத்தனையோ வியாபாரப் பெயர்களில் வருகிறது. இன்னொரு மருந்தோடு கலந்தும் வருகிறது. உண்மையான அலர்ஜி உள்ள விவசாயத் தொழிலாளிக்கு, தான் விழுங்குவது பென்சிலின் இனம் என்று எப்படித் தெரியும்? மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக எழுது என்று 2016ல் விதி திருத்தினார்கள். 2023 ஆகஸ்ட் 2ந் தேதி இன்னும் கடுமையான விதி வந்தது. அதே மாதம் 23ந் தேதி அதை நிறுத்தி வைத்தார்கள். மூன்றே வாரம்! மில்லில் நமக்குப் போடும் உத்தரவுகள் எப்போதாவது மூன்று வாரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டதுண்டா?

"ஜனங்கள்தான் காரணம்" என்கிறார்கள்

இத்தனைக்கும் பிறகு ஒரு குற்றச்சாட்டு நம்மீதே திரும்புகிறது. "ஜனங்கள் கடையில் தாங்களாகவே மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள், எந்த மருந்து ஆகவில்லை என்று அவர்களுக்கே தெரியாது" என்கிறார்கள்.

வாங்குவது உண்மை. அது தவறு என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் ஏன் வாங்குகிறார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. கடைக்குப் போனால் பத்து நிமிஷம். முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, நோயாளியின் பெயரோடு பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சு முதல் இருக்கிறது. அதை அமல் நடத்த வேண்டியது நாமா, சர்க்காரா?

எந்த மருந்து ஆகவில்லை என்று தெரியாதாம்! யார் சொன்னார்கள் தெரிவதற்கு? பொட்டலத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரைக்குப் பெயர் உண்டா? அலர்ஜி வந்தபோது, இன்ன மருந்து, இன்ன விளைவு, இன்ன தேதி என்று எழுதிக் கையில் கொடுத்த டாக்டர் எத்தனை பேர்? எழுதிக் கொடுக்காதவர், எழுத்து இல்லை என்று நம்மைக் குற்றம் சொல்வது அழகல்ல.

டாக்டர்களைப் பற்றியும் நியாயமாகப் பேசுவோம். புறநோயாளிப் பிரிவில் ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கும் இளம் டாக்டர், இரண்டு வார்டுகளுக்கு ஒற்றையாளாக நிற்கும் நர்ஸ் — இவர்கள் நமது விரோதிகள் அல்ல. அவர்களும் வேலைப்பளுவில் நசுங்குகிறவர்கள். ஐந்து நிமிஷம் கேட்கச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம்கூடக் கொடுக்காத நிர்வாகத்தைத்தான் கூண்டில் ஏற்றுகிறோம்.

முடியாத காரியமா இது? தமிழ்நாட்டில் 1995 முதல் மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளைப் பொதுப் பெயரில் மொத்தமாக வாங்கிச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறது. மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்துக் கற்றன. மருந்தை ஒழுங்கு செய்த மாநிலம் அறிவை ஒழுங்கு செய்ய முடியாதா? கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதைத் தடுக்க நாட்டின் மருத்துவ சங்கங்கள் கூடி 2012ல் பிரகடனம் செய்தது சென்னையில்தான். அண்டை மாநிலமான கேரளம் 2018ல் இதற்கென்று தனித் திட்டத்தையே வெளியிட்டது. பிரகடனம் பிறந்த ஊர் பின்தங்கலாமா?

நாம் கேட்பது என்ன?

1. ஒவ்வொரு சர்க்கார், ஈ.எஸ்.ஐ., தனியார் ஆஸ்பத்திரியிலும் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் அலர்ஜி பற்றிப் பயிற்சி வேண்டும். வேலை நேரத்தில், வார்டிலேயே, கட்டில் அருகே நடக்க வேண்டும். கம்பெனிக் காசு ஒரு பைசாவும் கலக்கக் கூடாது.

2. கேஸ் ஷீட்டில் 'அலர்ஜி' என்ற ஒற்றை வார்த்தை போதாது. எந்த மருந்து, எப்போது, எவ்வளவு நேரத்தில், என்ன நடந்தது, என்ன சிகிச்சை என்று ஐந்து கட்டங்கள் அச்சிட வேண்டும்.

3. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் வாரத்தில் ஒரு நாளாவது, பொய் முத்திரையைப் பரிசோதித்து நீக்கும் பிரிவு நடக்க வேண்டும்.

4. ஊசி போடும் ஒவ்வொரு மேஜையிலும் அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் உத்தரவுக்குக் காத்திராமல் போடும் அதிகாரமும் பயிற்சியும் நர்ஸுக்கு வேண்டும்.

5. அர்த்தமற்ற டெஸ்ட் டோஸ் சடங்கை நிறுத்தி, யாருக்குச் சோதனை, எப்படிச் சோதனை என்று எழுத்து மூலமான முறையை வகுக்க வேண்டும்.

6. மருந்துச் சீட்டு பொதுப் பெயரில், படிக்கும்படியான எழுத்தில் இருக்க வேண்டும்.

7. காலி இடங்களை நிரப்ப வேண்டும். ஆள் இல்லாத வார்டில் பாடம் மட்டும் நடத்தினால் அது வாய்ப்பந்தல்.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் இதைக் கேட்க நமக்கு இரட்டிப்பு உரிமை உண்டு. 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி, நமது சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் அதற்காகப் பிடிக்கப்படுகிறது. தர்மம் கேட்கவில்லை, கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்கிறோம்.

நமது பங்கு

கேட்பதோடு நமது வேலை முடியவில்லை. வீட்டில் யாருக்காவது 'மருந்து ஆகாது' என்று பேச்சு இருந்தால், பெரியவர்களிடம் விசாரித்து ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன மருந்து, எந்த வயது, என்ன ஆயிற்று. சட்டைப் பையில் வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். "இது உண்மையான அலர்ஜியா? பரிசோதிக்க முடியுமா?" என்று தைரியமாகக் கேளுங்கள். ஆனால் வீட்டில் நீங்களாக விழுங்கிச் சோதனை செய்யாதீர்கள். அது டாக்டரின் கண் முன்னால், அட்ரினலின் பக்கத்தில் இருக்க, நடக்க வேண்டிய காரியம்.

மருந்து வாங்கும்போது பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். மருந்தால் தீங்கு நேர்ந்தால் மூடி மறைக்காதீர்கள். மருந்துத் தீங்குகளைப் பதிவு செய்ய 2010 முதல் தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு நோயாளியே சொல்லலாம். சங்கப் பலகையில் இந்த எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

அந்தப் பஞ்சாலைத் தொழிலாளி இன்று மறுபடியும் மில்லுக்குப் போகிறார். கம்மல் இன்னும் மீளவில்லை. கேஸ் ஷீட்டில் அந்தச் சிவப்பு வார்த்தையும் அழியவில்லை. அடுத்த தடவை அவர் படுக்கும்போது அது அவருக்கு முன்னால் ஓடிவந்து நிற்கும்.

அவர் கேட்கத் தவறியதை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம். அந்த வார்த்தையை எழுதியது யார்? எதை விசாரித்து எழுதினீர்கள்? விசாரிக்கக் கற்றுக் கொடுக்காதது யார்? பதில் வரும் வரை கேட்போம்!